முதல் ஸ்கான் ஒரு பிள்ளையின் முகம்: வன்னி நெகற்றிவ்களுக்கு எந்த ஸ்கானர்?

1957இல் அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகத்தில் வேலை செய்த ரஸல் கேர்ஷ், பிறந்து மூன்று மாதமான தன் மகனின் படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். கணினிக்குள் ஸ்கான் செய்யப்பட்ட முதல் போட்டோ அதுதான். அகலம் 176 புள்ளி, உயரம் 176 புள்ளி. இண்டைக்கு எங்கட போனுக்கு வாற ஸ்ரிக்கர்கூட அதைவிடப் பெரிசு. ஆனால் ஸ்கானரின் வரலாறு ஒரு தகப்பன் தன் பிள்ளையின் முகத்தை மெஷினில் வைத்த இடத்தில்தான் தொடங்குது.

வன்னியில் நாங்கள் ஸ்கானரைப் பற்றிக் கதைப்பதும் பிள்ளைகளின் முகங்களுக்காகத்தான். 2017 பெப்ரவரி 20 அன்று, கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த அம்மாக்களின் கையில் இருக்கிற படங்களை வடிவாப் பாருங்கோ. கனக்கப் படங்களில் கண்ணும் மூக்கும் கலங்கிப் போயிருக்கும். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தை, இல்லாட்டி ஒரு கலியாணப் படத்தின் மூலையில் நிண்ட முகத்தை, பெருப்பித்து, போட்டோக்கொப்பி அடித்து, லமினேற் செய்தது அது. ஒவ்வொரு பிரதியிலும் முகம் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறையும்.

நெகற்றிவ் அப்படியில்லை. கமராவுக்குள் வெளிச்சம் நேரே பட்ட இடம் அது. அச்சுப் படத்தில் இல்லாத விபரமும் அதில் இருக்கும். முன்னர் ஸ்ரூடியோவில் பிலிம் கழுவக் குடுத்தால், படங்களோடு நெகற்றிவ் துண்டுகளையும் ஒரு கவரில் போட்டுத்தான் தருவினம். படத்தை அல்பத்தில் ஒட்டுவம், கவரைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு மறந்துவிடுவம். அந்த மறந்த கவர்தான் இண்டைக்குப் பெறுமதியானது.

வன்னியின் பிலிம் காலம் லேசான காலம் இல்லை. பொருளாதாரத் தடை, மின்சாரமில்லாத வருசங்கள், அடிக்கடி இடம்பெயர்வு. சாமத்திய வீடு, கலியாணம், அடையாள அட்டை எண்டால்தான் பல வீடுகளில் படம். 2002இல் ஏ-9 வீதி திறந்தது, 2006 ஓகஸ்ட்டில் பூட்டுப்பட்டது. அதே 2006இன் தொடக்கத்தில்தான் கொனிக்கா மினோல்ரா நிறுவனம் கமராத் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது; அதோடு அவர்களின் நல்ல பிலிம் ஸ்கானர்களும் நிண்டுபோயின. பின்னர் நிக்கோனும் கூல்ஸ்கான் வரிசையைக் கைவிட்டது. உலகம் பிலிமை மூடிக்கொண்டிருந்தபோது எங்களுக்குப் பாதையும் மூடியிருந்தது.

2008இன் பிற்பகுதியில் முழங்காவில், ஜெயபுரம், பூநகரிப் பக்கமிருந்து சனம் கிழக்கே நகரத் தொடங்கியது. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். அதன்பிறகு மெனிக்பாம் முகாம். அது 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. இந்த வழியில் அல்பங்கள் தொலைந்தன, நனைந்தன. பயத்தில் படங்களைப் புதைத்தவர்களும் எரித்தவர்களும் இருக்கினம். மிஞ்சினது பெரும்பாலும் சொந்தக்காரர் வீடுகளில், வவுனியாவில், யாழ்ப்பாணத்தில், வெளிநாட்டில் கிடக்கிறது.

இந்த வேலைக்கு முன்மாதிரிகள் இருக்கு. 1981இல் யாழ் பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களின் நினைவு எங்கள் எல்லாருக்கும் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கான் செய்து எல்லாருக்கும் திறந்து வைத்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்ரூடியோப் படங்களை டிஜிற்றலாக்கியது. வன்னியின் வீட்டுப் படங்களுக்கு அப்படிப் பெரிய நிறுவனம் வரும்வரை காத்திருக்க ஏலாது. இளைஞர் கூட்டொன்று காசு சேர்த்து வாங்கக்கூடியது என்ன?

முதலில் விளம்பர எண்ணை நம்பாதேங்கோ. எப்சன் வி600 போன்ற தட்டை ஸ்கானரின் பெட்டியில் 6400 டிபிஐ எண்டு போட்டிருக்கும். சோதனைப் பலகையை வைத்து அளந்தால் உண்மையில் கிடைப்பது 1500 அளவுதான். பிளஸ்ரெக் ஒப்ரிக்பிலிம் 8100இல் 7200 எண்டிருக்கும், கிடைப்பது அதன் பாதியளவு. அந்தப் பாதியும் எங்களுக்குத் தாராளம். 35 மி.மீ. பிலிமின் ஒரு படம் 36க்கு 24 மி.மீ.; உண்மையான 2400 டிபிஐயில் ஸ்கான் செய்தால் ஏறத்தாழ 3400க்கு 2270 பிக்சல் வரும். ஏ4 தாளில் தெளிவாக அச்சடிக்க அது போதும். கையில் பிடிக்கிற படத்தின் அளவும் அதுதானே.

அப்போ பிளஸ்ரெக் வாங்கலாமா? அது 35 மி.மீ. மட்டும்தான் எடுக்கும். பழைய ஸ்ரூடியோக்களின் அகலமான 120 பிலிமுக்கு வி600தான் சரி. பிலிம் பெரிசு எண்டபடியால் 1500 டிபிஐயும் காணும். அல்பத்தில் இருக்கிற அச்சுப் படங்களையும் அதிலேயே எடுக்கலாம். தூசியை அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து நீக்கும் வசதிக்காகக் கூடக் காசு குடுக்க முதல் யோசியுங்கோ. கலர் நெகற்றிவ்வுக்கு அது நல்லது. கறுப்பு வெள்ளை நெகற்றிவ்வில் இருப்பது வெள்ளித் துகள். அது அகச்சிவப்பையும் மறைக்கும், மெஷின் முகத்தையே தூசியெண்டு நினைக்கும். சின்னத் திரையோடு மலிவாக வாற பெட்டி ஸ்கானர்களை விடுங்கோ. கனக்க மொடல்கள் ஜேபெக் மட்டும்தான் தரும், இருண்ட பகுதியின் விபரம் போய்விடும்.

எங்கட முடிவு இது: 35 மி.மீ.க்குக் கலியாணப் படம் எடுக்கிறவரிடம் ஏற்கெனவே இருக்கிற கமராவை இரவல் வாங்குவம். ஒரு மக்ரோ லென்ஸ், சீரான வெள்ளை எல்இடி பலகை, பிலிமைத் தட்டையாகப் பிடிக்கிற சட்டம் இருந்தால், 24 மெகாபிக்சல் கமரா இந்த விலை ஸ்கானர்களுக்குக் குறையாது, வேகமும் கூட. சேர்ந்த காசுக்கு 120 பிலிமுக்கும் அச்சுப் படங்களுக்கும் பாவித்த தட்டை ஸ்கானர் ஒண்டு.

மெஷின் வர முதல் செய்யவேண்டியது கனக்க இருக்கு. ஒட்டிப்போன நெகற்றிவ்களை இழுத்துப் பிரிக்காதேங்கோ. வினாகிரி மணம் வந்தால் அசற்றேற் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது எண்டு அர்த்தம்; அதைப் புறம்பாக வைத்து முதலில் ஸ்கான் செய்யவேணும். வெக்கையும் ஈரமும் அதை வேகமாக்கும், எங்கட ஊரில் ரெண்டும் தாராளம். கோப்புகளை ரிஃப் ஆக வைத்து, மூன்று பிரதிகளை மூன்று இடத்தில் வையுங்கோ. இன்ரநெற்றில் ஏற்ற முதல் வீட்டாரைக் கட்டாயம் கேளுங்கோ. இங்கே ஒரு படம் ஆளை ஆபத்தில் மாட்டிய காலமும் இருந்தது.

எல்லாத்துக்கும் முதல், பெயர்களை எழுதுங்கோ. ஆர், எந்த ஊர், எந்த வருசம், பக்கத்தில் நிக்கிறது ஆர். ஸ்கானர் அடுத்த வருசமும் கடையில் கிடைக்கும். கலியாணப் படத்தின் மூலையில் நிக்கிற பெடியன் ஆரெண்டு சொல்லக்கூடிய அம்மம்மாவுக்கு வயசு போய்க்கொண்டிருக்கு.