சட்டைப்பைக்குள் ஒரு ரிவால்வர்: மறைத்தலின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

அமெரிக்காவின் ஏதாவதொரு துப்பாக்கிக் கடையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வந்தவருக்குத் தினமும் கூடவே வைத்துக்கொள்ள ஒரு சின்ன ரிவால்வர் வேண்டும், வெளியில் தெரியக்கூடாது. கடைக்காரர் நாலைந்தை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைக்கிறார். குழல் எத்தனை அங்குலம், எடை எவ்வளவு, ஐந்து ரவையா ஆறா, வெளியே உருவும்போது சுத்தியல் துணியில் மாட்டுமா – பேச்சு இப்படிப் போகிறது. செருப்புக் கடையில் அளவு பார்க்கிற மாதிரித்தான் இருக்கும். யாரைச் சுடுவதற்கு என்பதை மட்டும் இரண்டு பேருமே பேசமாட்டார்கள்.

இந்தப் பேச்சில் அர்த்தமில்லை என்று சொல்லிவிட முடியாது. குழலைக் குறைத்தால் மறைப்பது சுலபம். ஆனால் குண்டின் வேகம் குறையும், குறிபார்க்கும் தூரமும் சுருங்கிவிடும். எடையைக் குறைத்தால் நாள் முழுக்கச் சுமக்கலாம். ஆனால் சுடும்போது கையை உதைக்கும், உதைக்கிறதே என்று பழகுவதையே விட்டுவிடுவார்கள். சுமக்கச் சுகமானது சுடக் கஷ்டம். பிஸ்டலில் ரவை அதிகம் பிடிக்கும், சரிதான். இருந்தாலும் ஒரு ரவை வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும் என்பதற்காகவும், கோட்டுப் பைக்குள் வைத்தபடியே சுடலாம் என்பதற்காகவும் ரிவால்வரைத் தேடி வருகிறவர்கள் இன்றும் உண்டு.

நமது கேள்வி வேறு. 'எதை மறைத்து வைப்பது?' என்று ஒருவர் நிதானமாகத் தேர்வு செய்வதற்கு முன்பாகவே, 'யார் மறைத்து வைக்கலாம்?' என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லி முடித்திருக்கிறது. அந்தப் பதில் இருநூறு ஆண்டுகளில் தலைகீழாகப் புரண்டிருக்கிறது. அன்று மறைப்பது கோழையின், கொலைகாரனின் காரியம். இன்று அதுவே பொறுப்புள்ள குடிமகனின் அடையாளம். இது எப்படி நடந்தது? பொருளின் வரலாற்றையும் சட்டத்தின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

மறைத்து ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்யும் சட்டங்கள் 1813இல் கென்டக்கியிலும் லூசியானாவிலும் வந்தன. கைத்தடிக்குள் வாளை ஒளித்து வைத்திருந்த ஒருவரின் வழக்கில் கென்டக்கி நீதிமன்றம் 1822இல் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. ஆனால் பொதுப்போக்கு அப்படி இல்லை. பிறகு கென்டக்கியே தன் அரசமைப்பைத் திருத்தி, தடைபோட வழி செய்துகொண்டது. ஜார்ஜியாவின் உச்சநீதிமன்றம் 1846இல் ஒரு கோடு கிழித்தது: மறைப்பதைத் தடுக்கலாம், வெளிப்படையாகத் தாங்குவதைத் தடுக்கக்கூடாது. லூசியானா நீதிமன்றம் 1850இல் இதற்கு ஒரு தத்துவமே சொன்னது. இடுப்பில் தெரியும்படி ஆயுதம் தாங்குவது ஆண்மையான, மேன்மையான தற்காப்பு; ஒளித்து வைப்பது ரகசியமாகக் கொல்லுகிறவனின் ஆண்மையற்ற செயல்.

இந்த 'ஆண்மை' யாருடையது என்று கேட்காமல் மேலே போகமுடியாது. எல்லோரும் பார்க்கத் துப்பாக்கியோடு நடக்க முடிகிறவன் வெள்ளைக் கனவான் மட்டுமே. அடிமை ஆயுதம் தொட வேண்டுமென்றால் எஜமானின் அனுமதி வேண்டும். விடுதலை பெற்ற கறுப்பருக்குக்கூட வட கரோலினா போன்ற மாநிலங்களில் உரிமம் தேவைப்பட்டது. ஆக, வெளிப்படைத்தன்மை என்பது ஒரு நற்பண்பு என்பதைவிட ஒரு சலுகை என்பதே சரி. பார்க்கப்படுவதால் ஆபத்து வராதவன்தான் 'என்னைப் பார்' என்று நடக்க முடியும்.

அடிமைமுறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி ஒரு சட்டம் போட்டது. ராணுவத்தில் இல்லாத, உரிமம் வாங்காத கறுப்பர் துப்பாக்கியோ ரவையோ வைத்திருக்கக்கூடாது. இப்படி நிறத்தைப் பெயர் சொல்லியே எழுதுவது பிறகு முடியாமல் போயிற்று. 1868இல் வந்த அரசமைப்புத் திருத்தம் சட்டத்தின்முன் சமத்துவத்தைச் சொன்னதால், வேறு வழி தேடினார்கள். டென்னஸி 1879இல் கண்டுபிடித்த வழி விலை. ராணுவமும் கடற்படையும் பயன்படுத்துகிற மாதிரிகளைத் தவிர வேறு கைத்துப்பாக்கிகளை விற்கக்கூடாது என்றது அந்தச் சட்டம். ராணுவ மாதிரி பெரியது, விலை அதிகம். போரில் சண்டையிட்டு வந்த வெள்ளையர் பலரிடம் ஏற்கெனவே இருந்தது. மலிவான சட்டைப்பை ரிவால்வர்தான் கறுப்பருக்கும் ஏழைக்கும் எட்டக்கூடியதாக இருந்தது. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதற்குத் தேவையும் இல்லை.

இது நாம் வலிந்து செய்கிற வாசிப்பு என்று யாராவது சொல்லலாம். ஃப்ளோரிடாவைப் பார்ப்போம். துப்பாக்கி தாங்க உரிமம் கேட்ட அந்த மாநிலத்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி 1941இல் வந்த ஒரு வழக்கில் நீதிபதி பூஃபோர்ட் தனித் தீர்ப்பே எழுதினார். இது கறுப்புத் தொழிலாளிகளை நிராயுதபாணிகளாக்கப் போட்ட சட்டம், வெள்ளையர்மேல் செலுத்துகிற எண்ணம் எப்போதும் இருந்ததில்லை, நடைமுறையிலும் செலுத்தியதில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஊரறிந்த விஷயமாகச் சொன்னார்.

3

இனிப் பொருளைப் பார்ப்போம். சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வருக்கு 1836இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த திருப்பம் 1857. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி உலோகத் தோட்டா போட்டுச் சுடுகிற, பைக்குள் அடங்குகிற ஏழு ரவை ரிவால்வரைக் கொண்டுவந்தது. 1887இல் அதே கம்பெனி சுத்தியலை உடலுக்குள் மறைத்தது. கைப்பிடியின் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்தால்தான் சுடும். அதனால் ஜனங்கள் அதற்கு 'எலுமிச்சை பிழிவான்' என்று பெயர் வைத்தார்கள். தபாலில் எழுதிப்போட்டால் சில டாலருக்குள் ரிவால்வர் வீட்டுக்கு வந்துவிடும் காலம் அது.

1901 செப்டம்பர் 6. பஃபலோ கண்காட்சியில் ஜனாதிபதி மெக்கின்லி வரிசையில் நிற்பவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருக்கிறார். லியோன் சோல்கோஸ் என்பவரின் கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. அதற்குள் ஐவர் ஜான்சன் கம்பெனியின் .32 ரிவால்வர். இரண்டு குண்டுகள், எட்டு நாளில் ஜனாதிபதி இறந்துபோனார். சுட்டவர்மேல் பாய்ந்து அமுக்கியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பார்க்கர் என்ற கறுப்பர். விசாரணையில் அவரைச் சாட்சியாகக் கூப்பிடவே இல்லை.

சோல்கோஸ் போலந்துக் குடியேறிகளின் பிள்ளை, அனார்கிஸ்ட். அந்தக் காலகட்டத்தில் மறைத்த ரிவால்வருக்கு ஒரு முகம் உருவாகிவிட்டது: அந்நியன், குடியேறி, தீவிரவாதி. நியூயார்க்கில் 1911இல் வந்த சல்லிவன் சட்டம், மறைக்கக்கூடிய துப்பாக்கி எதற்கும் உரிமம் வேண்டும் என்றது. யாருக்குக் கொடுப்பது என்பது அதிகாரியின் இஷ்டம். அந்தச் சட்டத்தில் முதலில் சிறைக்குப் போனவர்களில் ஒருவர், மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலுக்குப் பயந்து துப்பாக்கி வைத்திருந்ததாகச் சொன்ன இத்தாலியத் தொழிலாளி.

1927இல் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, மறைக்கக்கூடிய துப்பாக்கிகளைத் தபாலில் அனுப்புவதை அமெரிக்க அரசு தடைசெய்கிறது. இன்னொன்று, கோல்ட் கம்பெனி இரண்டங்குலக் குழல் கொண்ட ஆறு ரவை .38 ரிவால்வரைச் சந்தைக்குக் கொண்டுவருகிறது. அதற்குப் பெயர் 'டிடெக்டிவ் ஸ்பெஷல்'. ஒரே வருஷத்தில் மறைப்பது குற்றமாகவும் ஆகிறது, தொழில்திறமையாகவும் ஆகிறது. கையில் வைத்திருப்பவர் யார் என்பதுதான் வித்தியாசம்.

பெயர்களைக் கவனியுங்கள். 1950இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் ஐந்து ரவைக் குட்டி ரிவால்வரைப் போலீஸ் தலைவர்களின் மாநாட்டில் வைத்தது. அவர்களே வாக்களித்து வைத்த பெயர் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்'. சுத்தியலைச் சுற்றி மறைப்பு வைத்த மாதிரிக்கு 1955இல் 'பாடிகார்டு'. கோல்டிடம் 'ஏஜென்ட்' வந்தது. சூதாடியும் கொலைகாரனும் பையில் ஒளித்த பொருளுக்குத் துப்பறிவாளர், போலீஸ் அதிகாரி, மெய்க்காவலர் என்று பட்டங்கள். பொருள் அதேதான். பெயர் மாறியதும் அதன் ஒழுக்கமும் மாறிவிட்டது. 1989இல் பெண்களுக்கென்று 'லேடிஸ்மித்' வந்தது; பெண்ணின் பயத்துக்கும் ஒரு மாடல் கிடைத்தது. சுமார் 570 கிராம் இருந்த எஃகு ரிவால்வர், டைட்டானியமும் ஸ்காண்டியம் கலந்த அலுமினியமும் வந்தபின் 340 கிராமுக்கும் கீழே இறங்கியது.

4

1956 ஜனவரி 30. மான்ட்கோமரியில் பஸ் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அதன்பின் கிங் மறைத்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். பிற்பாடு அவர் ஆயுதத்தையே துறந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை; துறப்பதற்கு முன் மறுக்கப்பட்டார் என்பது அவ்வளவாகத் தெரியாத கதை. அமெரிக்காவில் உயிருக்கு ஆபத்து இருப்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் என்ன வேண்டும்? அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட உரிமம் என்றால் நடைமுறையில் இதுதான்.

சரி, மறைக்கக்கூடாது என்றால் பழைய நீதிபதிகள் சொன்னமாதிரி வெளிப்படையாகத் தாங்கலாமே? பிளாக் பாந்தர்கள் அதைத்தான் செய்தார்கள். 1967 மே 2 அன்று சேக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கிகளோடு எல்லோரும் பார்க்க நடந்து போனார்கள். வெள்ளையனிடம் ஆண்மை என்று புகழப்பட்டது கறுப்பனிடம் அச்சுறுத்தல் ஆனது. ஏற்கெனவே முன்வைக்கப்பட்டிருந்த முல்ஃபோர்டு மசோதா வேகம் பிடித்தது. நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் தாங்குவதைத் தடைசெய்த அந்தச் சட்டத்தில் அதே ஆண்டு கவர்னர் ரீகன் கையெழுத்திட்டார்.

1968இல் மத்தியச் சட்டம். விளையாட்டு உபயோகத்துக்குத் தகுதியில்லாத கைத்துப்பாக்கிகளை இறக்குமதி செய்யக்கூடாது. ரிவால்வர் என்றால் குழல் குறைந்தது மூன்று அங்குலம் இருக்க வேண்டும் என்று அளவுகோலும் வந்தது. குறி வைக்கப்பட்டது 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' என்று இளக்காரமாகச் சொல்லப்பட்ட மலிவான சின்னத் துப்பாக்கிகள். சேரிகளில் கிடைப்பவை அவை. உள்நாட்டில் செய்த இரண்டங்குல 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' அந்தச் சோதனைக்கே போக வேண்டியதில்லை. இரண்டும் குட்டை, இரண்டும் பைக்குள் மறையும், இரண்டுமே 'ஸ்பெஷல்'. ஒன்று போலீஸ் தலைவருடையது, மற்றது சனிக்கிழமை ராத்திரி ஏழையுடையது. இந்தச் சட்டம் துப்பாக்கியை அல்ல, கறுப்பர்களைக் கட்டுப்படுத்தவே வந்தது என்று பத்திரிகையாளர் ராபர்ட் ஷெரில் 1973இல் எழுதினார். துப்பாக்கியைக் கட்டுப்படுத்தியதா என்றால் அதுவும் முழுசாக இல்லை. உதிரிபாகங்களை இறக்குமதி செய்து உள்ளூரில் பூட்டிக்கொள்ள ஓட்டை இருந்தது. அப்படிப் பூட்டிய ஒரு மலிவான .22 ரிவால்வரால்தான் 1981இல் ஜனாதிபதி ரீகனே சுடப்பட்டார்.

5

1987இல் ஃப்ளோரிடா, தகுதிகள் இருந்தால் கேட்கிற எவருக்கும் மறைத்துவைக்க உரிமம் கொடுத்தாக வேண்டும் என்றது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2024க்குள் 29 மாநிலங்களில் உரிமமே தேவையில்லை என்றாகிவிட்டது. 2022இல் உச்சநீதிமன்றம், தனிப்பட்ட தக்க காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் பழைய நிபந்தனையை ரத்துசெய்தது. தீர்ப்பை எழுதிய கறுப்பு நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், உள்நாட்டுப் போருக்குப்பின் கறுப்பர்கள் நிராயுதபாணிகளாக்கப்பட்ட வரலாற்றை அதில் எடுத்துக்காட்டுகிறார். ஏழைகளுக்காக வாதாடும் நியூயார்க் வழக்கறிஞர் அமைப்புகளும் அந்தச் சட்டத்தை எதிர்த்தே மனுப்போட்டன. உரிமமில்லாத் துப்பாக்கி வழக்கில் தங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பரும் லத்தீனியருமே என்பது அவர்கள் வாதம்.

இங்கேதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சங்கடம். துப்பாக்கிக் கட்டுப்பாடு என்றாலே முற்போக்கு என்று கைதட்டுவது நம் பழக்கம். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஓடுகிற நிறவெறியை மேலே பார்த்தோம். அதற்காக, எல்லோர் பையிலும் ரிவால்வர் வந்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்பதா? இந்த வரலாற்றைத் துப்பாக்கி வியாபாரிகளும் படித்திருக்கிறார்கள். ஒடுக்கப்பட்டவனின் பயத்தை அவனுக்கே விலைக்கு விற்க அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்பவர் சொல்லப்போவதில்லை.

உரிமை எழுத்தில் கிடைத்தபின் என்ன ஆகிறது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2016 ஜூலையில் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற 32 வயதுக் கறுப்பரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. அவர் பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்த்தவர். கைத்துப்பாக்கி தாங்க முறையான அனுமதி பெற்றவர். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே மரியாதையாகப் போலீஸ்காரரிடம் சொன்னார். சில விநாடிகளில் சுடப்பட்டு இறந்தார். காரில் அவரது தோழியும் நாலு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் போலீஸ்காரரைக் குற்றமற்றவர் என்று ஜூரி விடுவித்தது.

மறைத்துவைக்க அனுமதி பெற்றவர், மறைக்காமல் சொன்னார். 1850இன் நீதிபதி கேட்ட நேர்மையும் அவரிடம் இருந்தது, இன்றைய சட்டம் கேட்கிற காகிதமும் இருந்தது. கடையில் எடை, குழல், ரவை எல்லாம் பார்த்து வாங்கியவர் அவரும்தான். அவருடைய தோலை எந்த உறைக்குள் போட்டு மறைப்பது என்பதற்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியில் பதில் இல்லை.