கென்னடியின் நாரி நோவு

சென்ற மாதம் கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில், என்பு முறிவு நிபுணர் ஒருவர் எனது எம்.ஆர்.ஐ படத்தைக் கணினித் திரையில் காட்டி, நான்காம் ஐந்தாம் நாரி முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருப்பதாகவும், சத்திரசிகிச்சை செய்துகொள்வது நல்லது எனவும் கூறினார். மூன்று நிமிடங்களுக்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள் என்பதால் அவரைக் குறை கூறவும் முடியாது.

முப்பது வருடங்களுக்கு மேலாக ஆசிரிய பீடங்களில், பெரும்பாலும் இரவுப் பணியில், ஆட்டம் கண்ட கதிரைகளில் குந்தியிருந்து பக்கம் முடித்த ஒருவனுக்கு நாரி நோவு வருவதில் அதிசயம் ஏதுமில்லை. ("நாரி" என்றவுடன் தமிழக வாசகர்களுக்குப் பெண் என்ற பொருளே முதலில் தோன்றக்கூடும். எங்களூரில் அது இடுப்பின் பின்புறம். எமது பாடநூல்களிலும் அச்சொல்லே உண்டு.) அம்மா இருந்தவரை நொச்சியிலை ஒத்தடமும் நல்லெண்ணெயும். பின்னர் முறிவு நெரிவு வைத்தியர், அதன்பின் வலி மாத்திரைகள், மருந்துக் கடையில் வாங்கிய பெல்ட். இப்பொழுது கத்தி.

செய்தி பரவியதும் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. ரொறன்ரோவிலிருந்து பழைய சக உதவி ஆசிரியர் ஒருவர், "அண்ணை, வெட்டுக்கொத்துக்கு மட்டும் போகாதேங்கோ" என்றார். லண்டனிலிருந்து இன்னொருவர், "இன்னும் என்னத்தை யோசிக்கிறியள், வெட்டிப்போட்டு நிம்மதியா இருங்கோ" என்றார். இருவருமே என்மீது அன்புள்ளவர்கள். முடிவெடுக்க இயலாத பத்திரிகைக்காரன் என்ன செய்வான்? பழைய கோப்புகளைத் தேடிப் போவான். அவ்வாறு தேடிப் போனபோது, இதே இடத்தில், இதே நோவுடன், உலகின் மிகச் சிறந்த வைத்தியர்கள் அனைவரையும் அணுகக்கூடிய வசதி படைத்திருந்த ஒரு மனிதரின் கதையில் போய் நின்றேன். அவர் ஐக்கிய அமெரிக்காவின் 35 ஆவது ஜனாதிபதி ஜோன் எப். கென்னடி.

1917 இல் பிறந்த கென்னடி, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் கால்பந்து விளையாடிய காலத்திலிருந்தே முதுகு வலியினால் அவதியுற்றவர். 1941 இல் இராணுவமும் கடற்படையும் இந்த முதுகைக் காரணங்காட்டி அவரை நிராகரித்தன. பிரித்தானியாவுக்கான முன்னாள் தூதுவரான தந்தையாரின் செல்வாக்கினால், அவ்வருடமே அவர் கடற்படையில் நுழைந்தார். 1943 ஓகஸ்ட் 2 ஆம் திகதி அதிகாலை, சொலமன் தீவுகளுக்கு அண்மையில், அவரது பி.டி. 109 என்னும் சிறிய படகை ஜப்பானிய நாசகாரிக் கப்பலான அமகிரி இரு துண்டாகப் பிளந்தது. இருவர் இறந்தனர். தீக்காயமுற்ற மாலுமி ஒருவரின் உயிர்காப்பு அங்கியின் பட்டியைப் பல்லால் கடித்து இழுத்தபடி, கென்னடி மணிக்கணக்காக நீந்தித் தீவொன்றைச் சேர்ந்தார். போர் வீரர் என்ற புகழ் அன்று தொடங்கியது. ஏற்கெனவே பழுதுபட்டிருந்த முதுகு அதன்பின் மேலும் மோசமடைந்தது.

இங்கு சற்று விலகி, பொஸ்டன் நகரின் மருத்துவ வரலாற்றைக் கூற வேண்டும். 1934 இல், பொஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள், முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள வட்டு உடைந்து பிதுங்கி நரம்பை நெருக்குவதால் முதுகிலும் காலிலும் வலி உண்டாகலாம் என்றும், அதனை வெட்டி அகற்றினால் குணமாகும் என்றும் "நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒப் மெடிசின்" சஞ்சிகையில் எழுதினர். அவர்கள் கண்டது உண்மையே. ஆனால் காலப்போக்கில், காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்குப் பொருந்திய அந்த விளக்கம் சாதாரண முதுகு நோவுக்கெல்லாம் பொது விளக்கமாகிவிட்டது. முதுகு நொந்தால் வட்டு; வட்டென்றால் வெட்டு. அக்கட்டுரை வெளியான திகதியும் ஓகஸ்ட் 2 என்பது தற்செயலே. ஆயினும் செய்திக்காரனின் கண்ணில் இவை படாமல் போவதில்லை.

பத்து வருடங்களின் பின், 1944 ஜூன் மாதத்தில், அதே பொஸ்டனில், கென்னடிக்கு முதலாவது முதுகுச் சத்திரசிகிச்சை நடந்தது. திறந்து பார்த்த வைத்தியர்கள் குறிப்பிடத்தக்க பிதுக்கம் எதனையும் காணவில்லை. அசாதாரணமாக மென்மையடைந்திருந்த வட்டுப் பொருளை அகற்றிவிட்டுத் தைத்தனர். சில வாரங்களில் எழுந்து நடக்க முயன்றபோது கடும் தசைப்பிடிப்பு ஏற்பட்டது. வலி அப்படியே இருந்தது.

1947 இல் லண்டனில் சுகவீனமுற்றபோது அவருக்கு அடிசன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அட்ரினல் சுரப்பிகள் போதிய ஹோர்மோன்களைச் சுரக்காத இந்நோயுள்ளவருக்கு, எந்தச் சத்திரசிகிச்சையும் அக்காலத்தில் உயிராபத்தானது. அப்படியிருந்தும், 1954 ஆம் ஆண்டளவில் ஊன்றுகோல்களின்றி நடக்க முடியாதிருந்த செனட்டர் கென்னடி, மீண்டும் கத்தியை நாடினார். பொஸ்டன் வைத்தியர்கள் மறுத்தனர். நியூயோர்க்கில் டாக்டர் பிலிப் வில்சன் தலைமையிலான குழுவினர் முன்வந்தனர். ஊன்றுகோலோடு காலமெல்லாம் வாழ்வதைவிடச் சாவது மேல் என அவர் கூறியதாகச் சொல்லப்படுகின்றது. முப்பத்தேழு வயது மனிதர். உயிரைப் பணயம் வைத்தார். நாரி நோவு அறியாதவர்களுக்கு இது மிகையாகத் தோன்றும். காலையில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிய முடியாமல் நின்றவர்களுக்கு அப்படித் தோன்றாது.

1954 ஒக்டோபர் 21 ஆம் திகதி நடந்த சத்திரசிகிச்சையில் உலோகத் தகடொன்று திருகாணிகளால் பொருத்தப்பட்டது. சில நாட்களில் கிருமித் தொற்று ஏற்பட்டு, நினைவிழந்து, கத்தோலிக்க முறைப்படி இறுதி அருட்சாதனம் வழங்கும் நிலைக்குச் சென்றார். பிழைத்தார். ஆனால் காயம் ஆறவில்லை. 1955 பெப்ரவரியில் மூன்றாவது தடவையாக வெட்டி, அத்தகட்டினை அகற்றினர். 1957 இல் அதே இடத்தில் சீழ்க்கட்டி ஏற்பட்டு நான்காவது தடவையும் வெட்டினர். வைத்தியசாலையில் கிடந்த அக்காலத்திலேதான், மக்கார்த்தியைக் கண்டிக்கும் தீர்மானம் 1954 டிசம்பரில் செனட் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. கென்னடி வாக்களிக்கவில்லை. குடும்ப நண்பரான மக்கார்த்திக்கு எதிராக வாக்களிக்கும் சங்கடத்திலிருந்து முதுகு வலி அவரைக் காப்பாற்றியது என்ற விமர்சனம் நெடுங்காலம் தொடர்ந்தது. படுக்கையிலிருந்தபடி உருவாக்கிய "புரொபைல்ஸ் இன் கரேஜ்" நூலுக்கு 1957 இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. வாக்களிக்காதவர் அரசியல் துணிச்சலைப் பற்றிய நூலை எழுதினார் என்று எதிராளிகள் நகைத்தனர்.

என் தொழில் சார்ந்த ஒன்றை இங்கு சொல்லாமல் போக இயலாது. 1955 இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில், அடிசன் நோயுள்ள 37 வயது ஆண் ஒருவருக்குச் செய்யப்பட்ட முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை பற்றிய கட்டுரை வெளியானது. பெயர் இல்லை, ஆனால் வயதும் சத்திரசிகிச்சைத் திகதியும் இருந்தன. கென்னடி எப்பொழுது வைத்தியசாலையில் சேர்ந்தார் என்பதைப் பத்திரிகைகளே எழுதியிருந்தன. இரண்டையும் அருகருகே வைத்தால் போதும். 1960 தேர்தலின்போது, போட்டியாளரான லிண்டன் ஜோன்சனின் அணியினர் அடிசன் நோய் பற்றிப் பகிரங்கமாகக் கூறியபோதும், கென்னடி தரப்பு மறுத்தது. பத்திரிகைகள் அம்மறுப்பினை ஏற்றுக்கொண்டன. அந்த "37 வயது ஆண்" கென்னடியே என்று மருத்துவச் சஞ்சிகையில் எழுதப்பட்டது 1967 இல். எழுதியவர் நிருபர் அல்லர், ஒரு வைத்தியர். நூலகத் தட்டில் கிடந்த செய்தியைத் தவறவிட்டவர்கள் என் தொழிலைச் சேர்ந்தவர்கள். மருத்துவக் கோப்புகளை முழுமையாகப் பார்வையிட்டு வரலாற்றாசிரியர் றொபர்ட் டலெக் எழுதியது 2002 இல்.

மறைக்க வேண்டிய நோய் சிகிச்சையின் தெரிவையும் மாற்றிவிடுகின்றது. உடனே எழுந்து நிற்க வேண்டும், சிரிக்க வேண்டும், கை குலுக்க வேண்டும். அதற்கு ஏற்றது ஊசி. 1955 முதல் டாக்டர் ஜனெட் டிரவெல் என்ற பெண்மணி அவரது தசைகளில் வலியைத் தூண்டும் புள்ளிகளைக் கண்டறிந்து, அவற்றில் புரொக்கெயின் என்னும் மரக்கச் செய்யும் மருந்தினைச் செலுத்தினார். இடது கால் சற்றுக் கட்டையாக இருப்பதைக் கவனித்துச் சப்பாத்தில் உயர்த்தி வைத்தவரும், புகழ்பெற்ற ஆடுகதிரையைப் பரிந்துரைத்தவரும் அவரே. டிரவெல் கெட்டிக்காரர், தசையிலிருந்தும் வலி வரும் என்பதை, எல்லோரும் வட்டையே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் கண்டவர். ஆயினும் ஊசி தந்த நிம்மதி சில மணித்தியாலங்களே. 1961 மே மாதம் ஒட்டாவாவில் மரம் நடுவதற்காக மண்வெட்டியோடு குனிந்த கென்னடியின் முதுகு மீண்டும் பிடித்துக்கொண்டது. மறுமாதம் வியன்னாவில் குருஷேவைச் சந்தித்தபோது அவர் கடும் வலியில் இருந்தார். மக்ஸ் ஜேகப்சன் என்னும் நியூயோர்க் வைத்தியர் அப்பயணத்திலும் தொடர்ந்து சென்று, கிளர்ச்சியூட்டும் அம்பெட்டமின் கலந்த ஊசிகளைப் போட்டார். இவரது வைத்திய அனுமதி 1975 இல் பறிக்கப்பட்டது. உலகை இரு தடவை அழிக்கக்கூடிய ஆயுதங்களின் திறவுகோலை வைத்திருந்த மனிதர், எந்த ஊசியில் என்ன இருக்கின்றது என்று சரிவர அறியாமல் போட்டுக்கொண்டார்.

நிலைமை கைமீறுவதை உணர்ந்த வெள்ளை மாளிகை வைத்தியரான அட்மிரல் பேர்க்லியும், அடிசன் நோயைக் கவனித்த டாக்டர் கோஹனும், 1961 ஒக்டோபரில் டாக்டர் ஹான்ஸ் கிரவுஸை வரவழைத்தனர். 1905 இல் டிரியஸ்ட்டில் பிறந்து வியன்னாவில் படித்து, நாசிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றிய 1938 இல் நியூயோர்க் வந்தவர். பாறையேறும் வீரர். பெரும்பாலான முதுகு வலிக்குக் காரணம் உழைப்பற்று இறுகிப் பலவீனமடைந்த தசைகளே என்று 1940 களிலிருந்து சொல்லி வந்தவர். அவரும் சோன்யா வெபர் என்ற வைத்தியரும் உருவாக்கிய ஆறு எளிய பரிசோதனைகளில் அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் தோல்வியுற்றனர். ஐரோப்பியப் பிள்ளைகளில் பத்திலொரு பங்கினர்கூடத் தோற்கவில்லை. 1955 இல் இச்செய்தி ஜனாதிபதி ஐசனோவரை உலுக்கியது.

கிரவுஸ் கென்னடியைப் பரிசோதித்தபோது, வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் பயனற்றுக் கிடந்தன. ஊசிகளை நிறுத்திவிட்டு ஒழுங்காக உடற்பயிற்சி தொடங்காவிடில் ஜனாதிபதி முடமாகிவிடுவார் என்று அவர் தயவுதாட்சண்யமின்றிக் கூறினார். வெள்ளை மாளிகையின் நீச்சல் தடாகத்தை அடுத்த சிறிய அறையில், வாரத்தில் பல நாட்கள், மெதுவாக நீட்டுதலும் மடக்குதலும் தொடங்கின. அதில் அற்புதம் எதுவும் இல்லை. சில மாதங்களில் வலி குறைந்தது. 1962 இல் அவரால் பிள்ளைகளைத் தூக்க முடிந்தது. டிரவெல் பதவியிலிருந்து நீக்கப்படவில்லை. ஆனால் முதுகு அவர் கையிலிருந்து போய்விட்டது.

நான்கு தடவை கத்தி; கணக்கற்ற ஊசி; பதினேழு வருடங்கள். அதன்பின்பே எவரோ ஒருவர் அவரது வயிற்றுத் தசையைத் தொட்டுப் பார்த்தார்.

ஒன்றை மட்டும் கென்னடி கைவிடவில்லை: முதுகை இறுக்கிக் கட்டும் கச்சு. 1963 நவம்பர் 22 ஆம் திகதி டலஸ் நகரில் திறந்த காரில் சென்றபோதும், அதனை அணிந்து, மேலே பந்தனத் துணியால் தொடைகளைச் சுற்றி இறுக்கியிருந்தார். முதற்குண்டு கழுத்தருகே பாய்ந்தபோது அவர் முன்னோக்கிச் சாய்ந்து விழவில்லை. சில விநாடிகள் நிமிர்ந்தே இருந்தார். அடுத்த குண்டு தலையில் பட்டது. கச்சு அவரை நிமிர்த்தி வைத்திராவிட்டால் தப்பியிருப்பார் என்று சில வைத்தியர்கள் வாதிட்டுள்ளனர். அதனை எவராலும் நிரூபிக்க முடியாது. அதே காரில் அவருக்கு முன்னால் அமர்ந்து காயமுற்றவர், 1960 இல் அவரது அடிசன் நோயைப் பகிரங்கப்படுத்திய ஜோன் கொனலி.

கென்னடிக்குப் பின்னர் மருத்துவம் மெல்ல மெல்லக் கிரவுஸின் பக்கம் நகர்ந்தது. வாரக்கணக்கில் படுத்துக்கிடக்கும் வழக்கம் 1986 இல் ஓர் அமெரிக்க ஆய்வினால் ஆட்டம் கண்டது: இரு நாட்கள் படுத்தவர்கள் ஏழு நாட்கள் படுத்தவர்களைவிட விரைவில் வேலைக்குத் திரும்பினர். 1994 இல் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தபோது, பாதிப்பேருக்கு வட்டு வீங்கியிருந்தது. எல்லா வட்டுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 வீதத்தினரே. என் படத்திலுள்ள பிதுக்கம் என் நோவுக்குக் காரணமா, அல்லது ஐம்பத்தாறு வயதின் நரைமயிர் போன்றதா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. ஆனால் வாசகர்கள் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. கால் பலமிழந்தாலோ, தொடைகளுக்கிடையில் மரத்துப்போனாலோ, சலம் மலம் கட்டுப்பாடிழந்தாலோ தாமதமின்றி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்; அவ்வேளையில் கத்தியே காப்பாற்றும். மிக்ஸ்டரும் பாரும் சொன்னது பொய்யல்ல.

எனக்கு அவ்வாறான அறிகுறி எதுவும் இல்லை. ஆகவே, ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா என்று இன்னொரு வைத்தியரிடம் கேட்டேன். பொறுக்கலாம் என்றார், பிசியோதெரபிக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். அங்கிருந்த இளம்பெண் என்னை நிலத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, "ஐயா, மூச்சைப் பிடிக்காதேங்கோ" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஏழு பயிற்சிகள். மூன்று கிழமையாகச் செய்து வருகிறேன். பெல்ட் கதவின் பின்னால் தொங்குகின்றது. நான்காவது பயிற்சி இன்னமும் சரியாக வரவில்லை.