குறியான பாடல்: 1974 யூரோவிஷன் போட்டியில் போர்ச்சுகலின் பாடலும் ஏப்ரல் புரட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

1974ஆம் ஆண்டு யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் போர்ச்சுகல் சார்பில் பாடப்பெற்று இறுதி இடத்தைப் பெற்ற ‘இ தெப்போயிஸ் து அதேயுஸ்’ (விடைபெற்ற பின்னர்) என்னும் காதற்பாடல், அடுத்த பதினெட்டு நாள்களில் இராணுவப் புரட்சியின் முதல் அடையாளக் குறியாக ஒலித்தது. இப்பாடல் புரட்சிப் பாடலாகப் பின்னாளில் நினைவுகூரப்படுகிறது. எனினும், அதில் அரசியற்பொருள் ஏதும் இன்மையே அது தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: போர்ச்சுகல், யூரோவிஷன், தணிக்கை, வானொலி, உள்ளுறை, குறி, ஏப்ரல் புரட்சி.

முன்னுரை

ஒரு பாடலின் அரசியலை அதன் சொற்களில் தேடுவது ஆய்வாளர் பலரும் மேற்கொள்ளும் வழியாகும். அடக்குமுறை நிலவிய நாடுகளின் பாடல்களை ஆராயுங்கால், வெளிப்படைப் பொருளுக்குள் மறைபொருள் ஒன்றைக் காண முற்படுவதும் இயல்பே. இவ்வழி எல்லா இடத்தும் பொருந்துவதில்லை என்பதற்குப் போர்ச்சுகலின் 1974ஆம் ஆண்டுப் பாடல் தக்க சான்றாகும்.

போட்டியும் ஆட்சியும்

1926இல் இராணுவக் கிளர்ச்சியால் நிறுவப்பட்ட சர்வாதிகாரம், 1933ஆம் ஆண்டு அரசியலமைப்பின்வழி ‘புதிய அரசு’ என்னும் பெயருடன் நிலைபெற்றது. 1932 முதல் 1968 வரை அந்தோனியோ சலசாரும், அவருக்குப்பின் மார்செலோ கயத்தானோவும் தலைமை அமைச்சர்களாக ஆண்டனர். நாளிதழ், நூல், நாடகம், பாடல் ஆகிய அனைத்தும் தணிக்கைக்கு உட்பட்டன. 1961இல் அங்கோலாவிலும், 1963இல் கினியிலும், 1964இல் மொசாம்பிக்கிலும் விடுதலைப் போர்கள் தொடங்கின. 1961 திசம்பரில் கோவா இந்தியாவுடன் இணைந்தது. குடியேற்ற நாடுகளை விட்டுக்கொடாத ஆட்சி, ஐரோப்பிய அரங்கில் தனிமைப்பட்டு நின்றது.

அத்தனிமைக்கிடையே ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைய அரசுசார் தொலைக்காட்சிக்குக் கிடைத்த வாயில்களுள் ஒன்று யூரோவிஷன் போட்டியாகும். 1964இல் கோபன்ஹேகனில் முதன்முறையாகப் பங்கேற்ற போர்ச்சுகல் ஒரு புள்ளியும் பெறவில்லை. அதே மேடையில், பிராங்கோவையும் சலசாரையும் புறக்கணிக்கக் கோரும் பதாகையுடன் ஒருவர் தோன்றினார். இசைப் போட்டி அரசியலுக்கு அப்பாற்பட்டு நிற்கவில்லை என்பது தொடக்கத்திலேயே வெளிப்பட்டது.

உள்ளுறை வழிப் பாடல்கள்

போர்ச்சுகல் பாடலாசிரியர்கள் சிலர் இத்தேசியப் போட்டியையே தணிக்கையைக் கடக்கும் களமாக்கினர். அவர்களுள் முதன்மையானவர் கவிஞர் அரி தூஸ் சாந்தூஸ். 1969இல் சிமோன் தெ ஒலிவேரா பாடிய அவரது பாடல், பெண்ணின் இன்பவேட்கையை வெளிப்படையாகக் கூறியதால் பழமைவாதிகளின் கண்டனத்துக்கு ஆளாயிற்று. 1973இல் பெர்னாந்தோ தோர்தோ பாடிய ‘தோராதா’, காளைப்போர் அரங்கை வருணிப்பது போல ஆளும் சமூகத்தை எள்ளியது. தணிக்கையைக் கடந்து லக்சம்பர்க் மேடையேறிய அது பத்தாம் இடத்தைப் பெற்றது.

இவற்றைத் தமிழ்ப் பொருளிலக்கணத்தின் உள்ளுறையோடு ஒப்பிட்டு நோக்கலாம். கருப்பொருளின் வருணனைக்குள் வேறொரு பொருள் அமைந்திருக்கும். அறிந்தோர் அதனை உணர்வர். ஆயின், அறிந்தோருள் தணிக்கையாளரும் இருக்கக்கூடும் என்பதே இம்முறையின் இடர்.

பிரைட்டன் மேடை

1974 மார்ச் 7இல் நடைபெற்ற தேசியப் போட்டியில் வென்ற பாடல் இதற்கு மாறானது. ஜோசே நிசா எழுதி, ஜோசே கல்வாரியோ இசையமைத்து, பாவ்லோ தெ கர்வாலோ பாடிய அது, பிரிவுற்ற காதலன் ஒருவனின் தனிமையைக் கூறுவது. ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடைபெற்ற யூரோவிஷனில் 17 நாடுகள் பங்கேற்றன. 24 புள்ளிகளுடன் சுவீடனின் ‘அப்பா’ குழு வென்றது. 3 புள்ளிகள் மட்டுமே பெற்ற போர்ச்சுகல், ஜெர்மனி, நார்வே, சுவிட்சர்லாந்து ஆகியவற்றுடன் இறுதி இடத்தைப் பகிர்ந்துகொண்டது.

அதே போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற இத்தாலியப் பாடலின் தலைப்பு ‘ஆம்’ என்பதாகும். மணமுறிவுச் சட்டம் குறித்த பொதுவாக்கெடுப்பு மே மாதம் நடைபெறவிருந்தமையால், அச்சொல் வாக்காளரைத் தூண்டும் என அஞ்சி இத்தாலியத் தொலைக்காட்சி அந்நிகழ்ச்சியை உரிய நாளில் ஒளிபரப்பவில்லை. அரசியல் நோக்கமற்ற பாடலில் இத்தாலி ஆபத்தைக் கண்டது. போர்ச்சுகல் ஆட்சியோ, தனக்கு முடிவுகட்டவிருந்த பாடலைத் தானே ஐரோப்பாவிற்கு அனுப்பிவைத்தது.

குறியாதல்

ஆப்பிரிக்கப் போர்களால் சோர்வுற்ற இளம் அதிகாரிகள் 1973 முதல் ஓர் இயக்கமாகத் திரண்டனர். 1974 மார்ச் 16 அன்று கால்தாஸ் தா ராய்ஞ்ஞாவிலிருந்து புறப்பட்ட படைப்பிரிவு, ஏனையவை உடன் எழாமையால் தோல்வியுற்றது. அனைத்துப் படைகளும் ஒரே நேரத்தில் எழுவதற்குப் பொதுவான அறிவிப்பு தேவை என்பது இதனால் உறுதிப்பட்டது. தொலைபேசி கண்காணிக்கப்படக்கூடிய சூழலில், எல்லோரும் கேட்கக்கூடிய வானொலியே ஏற்ற கருவியாயிற்று.

எதிர்ப்புப் பாடகர் ஜோசே அபோன்சோவின் பாடல் ஒன்றை முதற்குறியாக வைக்கும் எண்ணமே தொடக்கத்தில் இருந்தது. அவர் பெயரே ஐயத்தை எழுப்பும் என்பதால் அது கைவிடப்பட்டு, போட்டிப் பாடல் தெரிவுசெய்யப்பட்டது. ஏப்ரல் 24 இரவு 10.55 மணிக்கு, லிஸ்பன் நகர வானொலியான எமிசோரஸ் அசோசியாதூஸில் ஜோவாவ் பாவ்லோ தினிஸ் நேரத்தையும் பாடகர் பெயரையும் கூறிப் பாடலை ஒலிபரப்பினார். அரசுசார் தொலைக்காட்சியே பரப்பிய பாடல் வானொலியில் ஒலிப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. படைகள் ஆயத்தமாகுக என்பதே அதன் பொருள் என்பதை உடன்பாடு செய்துகொண்டவர் மட்டுமே அறிவர்.

இந்நிகழ்வுக்கு உள்ளுறையைவிட அகமரபின் ‘குறி’ என்னும் கருத்தே பொருந்துகிறது. இரவுக்குறியில் தலைவன் எழுப்பும் ஓசை, பிறருக்கு இயற்கையோசையாகவே தோன்றுதல் வேண்டும். அவ்வோசையில் மறைபொருள் இல்லை. முன்னரே செய்துகொண்ட உடன்பாட்டில்தான் பொருள் உள்ளது. இயற்கையாக எழுந்த ஓசையைக் குறியென மயங்குதலை ‘அல்லகுறிப்படுதல்’ என்பர். அடிக்கடி ஒலிக்கும் பாடலைக் குறியாகக் கொள்வதில் அவ்விடர் உண்டு. குறித்த நேரமும் குறித்த நிலையமும் அதனைத் தவிர்த்தன.

நள்ளிரவு கடந்து 12.20 மணிக்கு, நாடெங்கும் கேட்கப்பட்ட ரேடியோ ரெனசென்சாவில் இரண்டாம் குறி ஒலித்தது. அது அபோன்சோவின் ‘கிராந்துலா, விலா மொரேனா’. தோழமையையும் மக்களாட்சியையும் போற்றும் அப்பாடல் மார்ச் 29 அன்று லிஸ்பன் கொலிசேயு அரங்கில் மக்களால் ஒருமித்துப் பாடப்பட்டிருந்தது. இயக்கம் இனிப் பின்வாங்காது என்பதை அறிவித்த நிலையில் பாடலின் சொற்பொருளும் குறிப்பொருளும் ஒன்றாயின. முதற்குறிக்கு மறைவு தேவைப்பட்டது. இரண்டாவதற்கு அத்தேவை குறைந்துவிட்டது. 25ஆம் நாள் மாலையில் கயத்தானோ சரணடைந்தார். அரசியற் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். 48 ஆண்டுச் சர்வாதிகாரம் முடிவுற்றது. கோவா மீதான இந்தியாவின் இறையாண்மையைப் புதிய அரசு அவ்வாண்டு திசம்பர் 31இல் உடன்படிக்கைவழி ஏற்றது.

நினைவில் நேர்ந்த மாற்றம்

1975இல் போர்ச்சுகல் ‘மத்ருகாதா’ (விடியல்) என்னும் பாடலை அனுப்பியது. புரட்சியை வாழ்த்திய அதனைப் பாடிய துவார்த்தே மெந்தெஸ், புரட்சியில் பங்கேற்ற இராணுவ அதிகாரியே. மறைத்துக் கூறவேண்டிய தேவை அற்றுப்போனதை அது காட்டியது. அப்பாடல் பதினாறாம் இடத்தையே பெற்றது.

முந்தைய ஆண்டின் காதற்பாடலிலோ, பிரிவின் சொற்கள் பழைய ஆட்சிக்கு விடைகொடுப்பனவாகப் பின்னாளில் வாசிக்கப்படலாயின. இவ்வாசிப்பு உணர்வுநிலையில் இயல்பானது. ஆயினும் வரலாற்றுக் காரணமாக அதனைக் கொள்ளல் பொருந்தாது. பாடல் அவ்வாறு முன்னரே ஒலித்திருக்குமாயின், அதிகாரிகள் அதனைத் தேர்ந்திருக்கமாட்டார்கள்.

முடிவுரை

ஒரே நாட்டின் போட்டிப் பாடல்களில் மூன்று நிலைகள் புலப்படுகின்றன: மறைத்துக் கூறிய 1973, ஏதும் கூறாத 1974, வெளிப்படையாகக் கூறிய 1975. இவற்றுள் ஆட்சியின் வீழ்ச்சியில் நேரடியாகப் பயன்பட்டது ஏதும் கூறாத பாடலே. தணிக்கை சொற்களைக் காவல் செய்தது. சொற்களுக்கு வெளியே அமைந்த உடன்பாட்டை அதனால் தடுக்க இயலவில்லை. ஆகவே, அடக்குமுறைக் காலப் பாடல்களை ஆராய்வோர், பாடல் என்ன கூறியது என்பதனோடு, அது எப்போது, எந்த அலைவரிசையில், யார் கேட்குமாறு ஒலித்தது என்பதையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.