சாகச விளையாட்டுத்திடல்

ஊஞ்சலும் சறுக்குமரமும் நட்டுவைத்த வழக்கமான பூங்காவிலிருந்து முற்றிலும் வேறுபட்டது சாகச விளையாட்டுத்திடல். பழைய பலகை, டயர், கயிறு, செங்கல், ஆணி, சுத்தியல், ரம்பம் ஆகியவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, விரும்பியதைக் கட்டவும் கட்டியதை இடிக்கவும் விட்டுவிடும் மண்தரை இது. பொறுப்பாளர் ஒருவர் எப்போதும் உடனிருப்பார். ஆனால் இதைச் செய், அதைச் செய் என்று ஏவமாட்டார். பல நாடுகளில் நிலமும் பணமும் உள்ளாட்சியிடமிருந்து வர, நடத்தும் வேலையை அக்கம்பக்கத்தாரும் தொண்டு அமைப்புகளும் ஏற்றுக்கொண்டனர்.

இந்த யோசனை டென்மார்க்கின் நிலத்தோற்றக் கலைஞர் கார்ல் தியோடர் சோரன்சனுடையது (1893–1979). அவர் பார்த்துப் பார்த்து வடிவமைத்த விளையாட்டிடங்களைப் பிள்ளைகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வீடு கட்டும் இடங்களில் கிடந்த மரத்துண்டுகளோடும் மணலோடும்தான் மணிக்கணக்கில் விளையாடினார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை மட்டுமே போட்டு ஒரு திடல் அமைத்துப் பார்க்கலாம் என்று 1931இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். 12 ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது நடந்தது. 1943 ஆகஸ்டில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ரூப் என்னும் இடத்தில் கூட்டுறவு வீட்டுக் குடியிருப்பு ஒன்று இதற்கு நிலம் ஒதுக்கியது. சுற்றிலும் மண்கரை எழுப்பியதால் உள்ளே நடப்பது தெருவிலிருந்து தெரியாது. முதல் பொறுப்பாளர் ஜான் பெர்ட்டல்சன், மழலையர் பள்ளி ஆசிரியர். பிள்ளைகள் கேட்டதைக் கொடுப்பதும், கேட்காதபோது ஒதுங்கி நிற்பதும்தான் தன் வேலை என்று அவர் வைத்துக்கொண்டார். பின்னாளில் பல நாடுகளிலும் இந்தப் பணிக்கு இதுவே இலக்கணமாயிற்று. தாம் உருவாக்கியவற்றில் இதுதான் அவலட்சணமானது, ஆனால் தமக்கு மிகவும் பிடித்ததும் இதுதான் என்று சோரன்சன் பிற்காலத்தில் சொன்னதுண்டு.

டென்மார்க்குக்கு வெளியே இதைக் கொண்டுபோனவர் பிரிட்டனைச் சேர்ந்த மார்ஜரி ஆலன் (1897–1976). இவரும் தோட்ட வடிவமைப்பாளர்தான். 1946இல் நார்வே செல்லும் வழியில் கோபன்ஹேகனில் இறங்கியவர் எம்ட்ரூப்பைப் பார்த்தார். குண்டுவீச்சில் தரைமட்டமான லண்டன் மனைகளை இப்படிப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்டு, அதே ஆண்டு 'பிக்சர் போஸ்ட்' இதழில் படங்களோடு எழுதினார். அந்த இடிபாடுகளில் பிள்ளைகள் ஏற்கெனவே திருட்டுத்தனமாக விளையாடிக்கொண்டுதான் இருந்தனர். 1948இல் கேம்பர்வெல்லிலும், 1952இல் கிளைட்ஸ்டேல் சாலையிலும், பிறகு லாம்பெத்தில் குண்டு விழுந்த ஒரு பள்ளி மனையிலும் திடல்கள் வந்தன. குப்பைமேடு போல இருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தனர், அதிகாரிகளுக்கும் தயக்கம். 1950களின் தொடக்கத்தில் அதுவரை இவற்றுக்கு இருந்த 'குப்பைத் திடல்' என்ற பெயரை நீக்கிவிட்டு 'சாகசத் திடல்' என்று மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய தொல்லை நிலம். மனைகள் இரவலாகக் கிடைத்தவை. வீடு கட்ட வேண்டும் என்று உரிமையாளர் கேட்டவுடன் காலி செய்ய வேண்டியிருந்தது. கேம்பர்வெல் திடல் சில ஆண்டுகளே நீடித்தது. ஆனாலும் ஆலன் விடவில்லை. உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கென 1970இல் செல்சியில் ஒரு சாகசத் திடல் திறக்கப்பட்டதில் அவர் பங்கு பெரிது.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் 1949இல் தொடங்கிய 'தி யார்ட்' வேறொரு காரணத்துக்காக நினைவுகூரப்படுகிறது. தொடக்கத்தில் பிள்ளைகள் ஆளாளுக்குப் பலகையையும் கருவிகளையும் பதுக்கினார்கள், திருடவும் செய்தார்கள். சரக்கு தீர்ந்துபோனதும் வேறு வழியில்லாமல் ஒன்றுசேர்ந்து கட்டத் தொடங்கினார்கள். பெரியவர்கள் யாரும் புகுந்து பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை.

ஜெர்மனியில் பெற்றோர்தான் முன்கை எடுத்தனர். மேற்கு பெர்லினின் அடுக்குமாடிப் புறநகரான மெர்கிஷஸ் ஃபியர்ட்டலில் 1967இல் தொடங்கிய திடலே அந்நகரின் முதல் சாகசத் திடல்.

குடிமக்களும் உள்ளாட்சியும் கைகோத்ததற்கு நல்ல சான்று டோக்கியோவின் செட்டகயா வட்டம். ஆலன் எழுதிய நூல் ஒன்றை ஜப்பானியத்தில் மொழிபெயர்த்த ஓமுரா தம்பதியர், அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு 1975 கோடையில் தற்காலிகத் திடல் ஒன்றை நடத்திக் காட்டினர். அதைப் பார்த்த வட்ட நிர்வாகம், சர்வதேசக் குழந்தைகள் ஆண்டான 1979இல் ஹனெகி பூங்காவின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. நிலமும் நிதியும் நிர்வாகத்துடையவை. அன்றாடப் பொறுப்பு குடியிருப்போருடையது. மற்றப் பூங்காக்களில் தடை செய்யப்பட்ட பலவும் இங்கே உண்டு: குழி தோண்டலாம், மரம் ஏறலாம், தீ மூட்டிச் சமைக்கலாம். சொந்தப் பொறுப்பில் சுதந்திரமாக விளையாடுங்கள் என்ற அறிவிப்புப் பலகை வாசலில் இருக்கிறது. அடிபட்டால் யார் பதில் சொல்வது என்ற கேள்வியைக் கடைசிவரை தள்ளிப்போடாமல், தொடக்கத்திலேயே பேசி முடித்துக்கொண்டதுதான் இவர்களின் கெட்டிக்காரத்தனம்.

அந்தக் கேள்வியில்தான் பல நாட்டுத் திடல்கள் கவிழ்ந்தன. அமெரிக்காவில் வழக்குகளுக்கும் காப்பீட்டுச் செலவுக்கும் பயந்து நகராட்சிகள் ரப்பர் தரைக்கும் பிளாஸ்டிக் கோபுரங்களுக்கும் மாறின. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1981இல் வெளியிட்ட கையேடு அந்தப் போக்கை உறுதிப்படுத்தியது. லண்டனில் சிக்கல் பணம்: 1986இல் பெருநகர மன்றம் கலைக்கப்பட்டதும் மானியங்கள் வற்றின.

தப்பிப் பிழைத்தவற்றில் கலிபோர்னியாவின் பெர்க்லி துறைமுகத் திடல் குறிப்பிடத்தக்கது. 1979இல் தொடங்கிய இதை நகராட்சியே நடத்துகிறது. சுத்தியலோ பெயின்டோ வேண்டும் என்றால், தரையில் சிதறிய ஆணிகளையும் சிம்புகளையும் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். துப்புரவுக்கும் பாதுகாப்புக்கும் தனிச் செலவில்லாத ஏற்பாடு. நியூயார்க்கின் கவர்னர்ஸ் தீவில் 2016இல் தொடங்கிய திடலில் பெற்றோர் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும்.

சாகசத் திடலுக்கு வேண்டிய சாமான்கள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். செலவில் பெரும்பகுதி பொறுப்பாளரின் சம்பளம்தான், அதுவும் ஆண்டுதோறும். ஒரே முறை பணம் கட்டி ஊஞ்சல் வாங்கும் பழக்கமுள்ள நகராட்சிகளுக்கு இது ஒத்துவருவதில்லை. ஆனாலும் முதல் திடலான எம்ட்ரூப் இன்றும் இயங்குகிறது.