ஒரு நாற்காலியில் தொடங்கிய இழுப்பு

லண்டன், விக்டோரியா தெருவில் ஓர் உணவகம். ஆண்டு 1901. முப்பது வயதுப் பொறியாளர் ஒருவர் மெத்தைத் துணி போர்த்திய நாற்காலியின் மேல் தன் கைக்குட்டையை விரித்தார். குனிந்து, அதன்மேல் வாயை வைத்து, முழு மூச்சையும் உள்ளே இழுத்தார். மூச்சு முட்டியது, இருமல் வந்தது. கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் அவர் வாய் இருந்த இடத்துக்கு நேர்கீழே கறுப்பாக ஒரு வட்டம்.

அந்த மனிதர் ஹியூபர்ட் செசில் பூத். வியன்னாவில் 1897-ல் எழுந்து இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் ராட்சத ராட்டினத்தின் வடிவமைப்பில் பங்கு கொண்டவர். தூசிக்கும் அவருக்கும் அதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை. லண்டன் எம்பயர் மியூசிக் ஹாலில் அமெரிக்கர் ஒருவர் காட்டிய துப்புரவு இயந்திரம்தான் அவரை இந்த வேலைக்குள் இழுத்துவிட்டது. அது அழுத்திய காற்றைக் கம்பளத்தின்மேல் பீய்ச்சியடிக்கும். கிளம்பும் தூசி ஒரு பெட்டிக்குள் போய் விழும் என்பது ஏற்பாடு. விழுந்தது கொஞ்சம்தான், மீதி பறந்து மறுபடி கம்பளத்திலேயே படிந்தது. 'ஊதுவதற்குப் பதில் இழுத்தால் என்ன?' என்று பூத் கேட்க, அதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்லிவிட்டு இயந்திரக்காரர் போய்விட்டார். நடக்கும் என்று காட்டியது அந்தக் கைக்குட்டை.

இன்றைக்குக் கார் இருக்கைகளைக் கழுவித்தரும் கடைகளில் 'எக்ஸ்ட்ராக்டர்' என்ற பெயரில் நிற்கும் பெட்டிக்கு மூதாதை இந்தச் சம்பவம்தான். பூத்தின் தூசி இழுக்கும் இயந்திரத்துக்கான முதல் சோதனை தரையில் நடக்கவில்லை, ஒரு நாற்காலியில் நடந்தது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் கம்பளத்தைச் சுத்தம் செய்வதென்றால் அடிப்பதுதான். வெளியே தூக்கிப்போய்க் கொடியில் போட்டு, பிரம்பு மட்டையால் கை ஓயும்வரை அடிப்பார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரில் பீங்கான் கடை வைத்திருந்த மெல்வில் பிஸ்ஸெல்லுக்கு வேறொரு தொல்லை. பீங்கான் உடையாமலிருக்கப் பெட்டிகளில் அடைத்து வரும் மரத்தூள் கடைக் கம்பளத்தில் புகுந்துகொண்டு வரவே மறுத்தது. உருளும்போதே பிரஷ் சுழன்று தூளை வாரும் ஒரு தள்ளுபெட்டியைச் செய்து 1876-ல் காப்புரிமை பெற்றார். 1889-ல் அவர் இறந்ததும் மனைவி அன்னா பிஸ்ஸெல் நிறுவனத்தின் தலைமையை ஏற்று, கடல் கடந்த நாடுகளுக்கும் விற்பனையைக் கொண்டுபோனார். அமெரிக்கத் தொழில் நிறுவனமொன்றை நடத்திய முதல் பெண்களில் ஒருவர் அவர். அதே குடும்பத்தின் நிறுவனம் இன்று விற்கும் 'லிட்டில் கிரீன்' என்ற சின்னப் பச்சை இயந்திரம் பலருடைய கார் டிக்கிக்குள் இருக்கிறது.

ஆனால் பிரஷ் மேலே கிடப்பதைத்தான் வாரும். இழைக்குள் இறங்கியதை எடுக்க இழுப்பு வேண்டும். பூத் செய்த முதல் இயந்திரம் வீட்டுக்குள் நுழையக்கூடியதாக இல்லை. சிவப்புச் சாயம் பூசிய ஒரு வண்டி, அதற்குள் பெட்ரோல் இன்ஜினும் பம்பும், இழுக்கக் குதிரைகள். தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, நீள நீளமான ஹோஸ்களை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுபோவார்கள். 'பஃபிங் பில்லி' என்று அதற்குப் பட்டப்பெயர். அது போட்ட சத்தத்தில் குதிரைகள் மிரண்டன என்று வழக்குகள்கூட வந்தன.

குழாயின் ஒரு பகுதியைப் பார்வைக்குத் தெரியும்படி வைத்ததில்தான் பூத்தின் வியாபார நுட்பம் இருந்தது. சீமாட்டிகள் விருந்தினரை அழைத்து, தங்கள் கம்பளத்து அழுக்கு குழாய்க்குள் ஓடுவதைத் தேநீர் அருந்தியபடி பார்த்தார்கள். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்காக 1902-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை இந்த இயந்திரம் சுத்தம் செய்தது. அரண்மனையும் வாங்கியது. முதல் உலகப் போரின்போது கடற்படை வீரர்கள் தங்கியிருந்த கிரிஸ்டல் பேலஸில் காய்ச்சல் பரவியபோது பூத்தின் 15 இயந்திரங்கள் அங்கே போயின. 26 டன் தூசி வெளியே வந்ததாகப் பதிவு இருக்கிறது.

இதே காலத்தில் அமெரிக்காவின் ஒஹையோவில் நடந்ததுதான் காரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கேன்டன் நகரத்தில் ஒரு பல்பொருள் அங்காடியைப் பெருக்கிவந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளருக்கு ஆஸ்துமா. பெருக்கும் தூசி அவர் நெஞ்சைப் பிடித்தது. ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு பெட்டி, ஒரு விளக்குமாற்றுக் கம்பு, தூசி பிடிக்க ஒரு தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து ஒன்றைச் செய்து, 1908-ல் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை விலைக்கு வாங்கியவர் அருகிலிருந்த வில்லியம் ஹூவர். ஹூவரின் தொழில் தோல். குதிரைக்கான கழுத்துப்பட்டை, சேணம் முதலியவை. தெருவில் கார்கள் பெருகப் பெருகக் குதிரைச் சாமான்களுக்கு எதிர்காலம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கார் விரட்டிய ஒரு தொழில் தூசி இழுக்கும் இயந்திரத்தில் வந்து அடைக்கலம் புகுந்தது. பின்னாளில் அந்த இயந்திரத்தின் வாரிசு காருக்குள்ளேயே போய் வேலை செய்கிறது.

அன்றைய காருக்குள் இழுத்துச் சுத்தம் செய்ய அதிகம் இல்லை. 1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்பது திறந்த கார்கள். மழையும் வெயிலும் நேராக விழும் இடத்தில் தோல் இருக்கைதான் தாங்கும், ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. 1920-களின் இறுதிக்குள் கணக்கு தலைகீழாகிவிட்டது. கூரையும் கண்ணாடியும் மூடிய கார் சாதாரணமானதும் கம்பளித் துணியும் வெல்வெட்டும் உள்ளே வந்தன. வீட்டுக் கூடத்தின் சௌகரியம் வந்தபோது கூடத்தின் அழுக்கும் கூடவே வந்தது.

தரைக்குக் கம்பளம் வந்த கதை ஜார்ஜியா மாநிலத்து டால்டன் ஊரில் தொடங்குகிறது. 1895-ல் பதினைந்து வயதுப் பெண் கேத்தரின் எவன்ஸ், துணியில் நூலைக் குத்தி முடிச்சுமுடிச்சாக நிற்கவைக்கும் பழைய முறையில் ஒரு படுக்கை விரிப்பைச் செய்தார். அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கினார்கள், ஊரே அந்தத் தொழிலுக்குள் இறங்கியது. கைவேலை இயந்திரத்துக்கு மாறியது, விரிப்பு கம்பளமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் இழை வந்ததும், நெய்யாமல் குத்தியே செய்யும் மலிவான கம்பளம் வீடுகளில் சுவருக்குச் சுவர் பரவியது; காரின் தரையிலும் ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டதுதான் சிக்கல். சுவருக்குச் சுவர் ஆணியடித்த கம்பளத்தைக் கொடியில் போட்டு அடிக்க முடியாது, சலவைக்கு அனுப்ப முடியாது. இருக்குமிடத்திலேயே கழுவியாக வேண்டும். சுழலும் பிரஷ்ஷால் ஷாம்பு நுரையைத் தேய்த்துக் காயவிடுவது முதலில் வந்த வழி. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் சோப்பு இழைக்குள்ளேயே தங்கி, சில வாரங்களில் புதுத் தூசியைப் பிடித்துவைத்து முன்னைவிட மோசமாகக் கறுக்கும்.

சுடுதண்ணீரை மெல்லிய விசிறலாகப் பீய்ச்சி, அது அடிவரை இறங்குமுன் அதே கையின் நாசிலால் உறிஞ்சி எடுக்கும் முறை 1970-களில் அமெரிக்காவில் வேரூன்றியது. வேனுக்குள் பெரிய இன்ஜினும் தொட்டியும் பொருத்தி வீடுவீடாகப் போனார்கள். பூத்தின் சிவப்பு வண்டி குதிரையில்லாமல் திரும்பி வந்ததுபோல. தனியாகத் தூக்கிப்போகும் 'எக்ஸ்ட்ராக்டர்' பெட்டிகளும் வந்தன, வாடகைக்கும் கிடைத்தன. மக்கள் இதை 'ஸ்டீம் கிளீனிங்' என்றார்கள். உண்மையில் அது ஆவியல்ல, சுடுதண்ணீர். இன்றும் இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஆவி மட்டும் அடிக்கும் இயந்திரத்தை வாங்கிவிட்டு, கிளம்பிய அழுக்கை எடுக்க வழியில்லாமல் நிற்பவர்கள் உண்டு. ஆவி அழுக்கை இளக்கும், வெளியே கொண்டுவராது.

இந்தியாவுக்கு இது மெதுவாகத்தான் வந்தது. 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை வந்துகொண்டிருந்த அம்பாஸடரின் உட்புறம் என்றாலே நினைவுக்கு வருவது ரெக்சின் சீட்டும் அதன்மேல் விரித்த துவாலையும்தான். மான்செஸ்டர் அருகே தயாரான செயற்கைத் தோலின் வணிகப்பெயர் ரெக்சின். நம் ஊரில் பொருளுக்கே பெயராகிவிட்டது. துவாலையை உதறித் துவைத்து, ரப்பர் மேட்டைக் குழாயடியில் கழுவினால் காரின் உட்புறச் சுத்தம் நிறைவு. அந்த வெயிலுக்கும் வியர்வைக்கும் அது அறிவான ஏற்பாடு. 1982-ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸின் விற்பனையாளர்கள் டை கட்டிக்கொண்டு வீடுவீடாக வேக்குவம் கிளீனர் விற்றார்கள். சுத்தமாகத் தெரியும் மெத்தையில் இழுத்துவிட்டு, வந்த தூசியைக் கண்ணெதிரே காட்டுவதுதான் அவர்கள் வித்தை. பூத்தின் கைக்குட்டை எண்பது ஆண்டுகள் கழித்து நம் கூடங்களுக்கு வந்து சேர்ந்தது.

பிறகு துணி சீட்டும் தரை முழுக்கக் கார்ப்பெட்டும் ஏசியும் கொண்ட கார்கள் பெருகின. ஏசிக்காக ஜன்னல் எப்போதும் மூடியே இருக்கும். குழந்தை கொட்டிய பால், மழைக்காலத்துச் செருப்புச் சேறு, சாம்பார் பொட்டலம் எல்லாம் உள்ளேயே தங்கும். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் மூழ்கடித்தபோது இந்த மாற்றத்தின் விலை தெரிந்தது. இருக்கை உயரத்துக்குச் சாக்கடை கலந்த தண்ணீர் நின்ற கார்களில் வெறும் வெயிலால் காயவைக்க முடியாத ஒன்று இருந்தது: கார்ப்பெட்டுக்கு அடியிலிருக்கும் தடித்த பஞ்சுப்படுகை. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், கீழே ஊறிக் கிடக்கும். இருக்கைகளைக் கழற்றி, கார்ப்பெட்டைப் பெயர்த்துக் காட்டினால்தான் நாற்றத்தின் ஊற்று தெரியும்.

ஆகவே கார் வேலைக்கு எக்ஸ்ட்ராக்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு வேகமாகத் தண்ணீர் அடிக்கும் என்பதல்ல, அடித்த தண்ணீரில் எவ்வளவைத் திருப்பி எடுக்கும் என்பது. அது இழுப்பைப் பொறுத்தது; இழுப்பை அளக்கும் முறை பூத்துக்கும் முந்தியது. இத்தாலியின் டொரிசெல்லி 1643-லேயே காட்டிய விஷயம்: நாம் இழுப்பு என்று சொல்வது உண்மையில் வெளிக்காற்றின் தள்ளல். முழு வெற்றிடம் உண்டாக்கினாலும் கடல்மட்டத்தில் தண்ணீர் 10.3 மீட்டருக்குமேல் ஏறாது. இயந்திரத்தின் அட்டையில் 'வாட்டர் லிஃப்ட்' 100 அங்குலம் என்று போட்டிருந்தால், அதன் மோட்டார் தண்ணீரை ஒரு குழாயில் சுமார் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு நிறுத்தும் என்று பொருள். இங்கே கடைகளில் புழங்கும் கார்ச்சர் புட்ஸி 10/1 ரகம் மில்லிபாரில் கணக்குச் சொல்கிறது: 220, அதாவது ஏறக்குறைய 2.2 மீட்டர். அதன் தண்ணீர் அடிப்பு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் மட்டும். குறைவாக அடித்து நன்றாக இழுப்பது என்ற இந்தப் பொருத்தம்தான் காருக்குச் சரி.

வீட்டுக் கம்பளத்துக்கு அடியில் சிமெண்ட் தரை; காரின் கார்ப்பெட்டுக்கு அடியில் தகடும் வயர்களும். இருக்கைக்குக் கீழே மஞ்சள் நிற உறையோடு போகும் வயர்கள் ஏர்பேக்குக்கானவை. அங்கே தண்ணீர் தேங்கக் கூடாது. தண்ணீரைத் தாராளமாக அடிக்கும் பெரிய இயந்திரம் இந்த இடத்தில் எதிரி. ஹீட்டர் இருந்தால் எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லது. ஆனால் பால், ரத்தம், முட்டைக் கறைகளில் முதலிலேயே சூடு பட்டால் கறை இழையில் உறைந்துவிடும். அதற்குப் பச்சைத் தண்ணீர்தான் முதல் மருந்து. ஹோஸ் ஓரிரு மீட்டர் கூடுதலாக இருந்தால் பெட்டியைக் காருக்கு வெளியிலேயே நிறுத்திப் பின் இருக்கை வரை போகலாம். நாசில் நான்கு விரல் அகலத்தில் இருந்தால் சீட்டின் மடிப்புகளுக்குள் நுழையும். கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள் ஈரமும் இழுக்கும் சாதாரண வேக்குவம் ஒன்றையும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலையும் வைத்துத் தொடங்குகிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை, கை வேகம்தான் பழக வேண்டும்.

நல்ல கை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சென்னையில் ஏதாவது ஒரு வாட்டர் வாஷ் கடையில் அரைமணி நேரம் நின்றால் பார்க்கலாம். முதலில் காய்ந்த மண்ணை வெறும் வேக்குவத்தால் முழுக்க எடுக்கிறார்கள். ஈரம் பட்டால் அது சேறாகிவிடும். பிறகு மருந்து தெளித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, சில நிமிடம் ஊறவிடுகிறார்கள். நாசிலை அழுத்திப் பிடித்து, விசையை அமுக்கித் தண்ணீர் அடித்தபடி ஒருமுறை தன்னை நோக்கி இழுப்பு. விசையை விட்டுவிட்டு அதே தடத்தில் வெறும் இழுப்பு இரண்டு, மூன்று தடவை. அவசரப்படுகிறவர்கள் கைவிடுவது இந்த வெறும் இழுப்பைத்தான். சென்னைக் காற்றின் ஈரத்தில் அப்படி விட்ட சீட் மறுநாள் பூஞ்சை வாடையோடு திரும்பி வரும்.

நாசிலின் மேல்பக்கம் தெளிவான பிளாஸ்டிக். கார்க்காரர் குனிந்து அதைத்தான் பார்க்கிறார். முதல் தடத்தில் டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் ஓடுகிறது. இரண்டாவதில் டீ. தொட்டியைச் சாக்கடையில் கவிழ்த்து, கழுவி, மறுபடி பொருத்துகிறார்கள். நான்காவது தடத்தில் அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்து வருகிறது. கடைப் பையன் சீட்டின்மேல் ஒரு வெள்ளைத் துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தித் திருப்பிக் காட்டுகிறான். துணியில் லேசான ஈரம், கறை இல்லை. நான்கு கதவுகளையும் திறந்துவைத்து மின்விசிறியை உள்ளே திருப்பிவிட்டு, சாயங்காலம் வரச் சொல்கிறான்.