60 யூரோ அபராதமும் 17-ஆம் எண் நடைமேடையும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்தவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டும். உங்களுக்கு நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வருடம் மே மாதம் மகள் வீட்டுக்கு நெதர்லாந்து போயிருந்தோம். "வரலாறு வாத்தியார், இவ்வளவு தூரம் வந்துட்டு பெர்லின் பாக்காம போறதா?" என்று கிளப்பிவிட்டது மகள்தான். பென்ஷன்காரன் கணக்கு எனக்குத் தெரியும். விமானம் வேண்டாம், ராத்திரி பஸ். ஓட்டல் வேண்டாம், ஹாஸ்டல். ஐந்து நாளைக்குச் சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 200 யூரோ. மகள் கொடுத்த பணத்தை வாங்கவில்லை. அந்த ரோஷம் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை பெர்லினில் இறங்கினோம். சுரங்க ரயில் நிலையத்தில் இயந்திரத்தில் இரண்டு டிக்கெட் எடுத்தேன். அங்கே நம் சென்னை மெட்ரோ மாதிரி தடுப்புக் கதவு எதுவும் கிடையாது. நேராக நடைமேடைக்குப் போய்விடலாம். நடைமேடையில் சின்னதாக ஒரு பெட்டி நின்றது. தபால் பெட்டி போலிருக்கிறது என்று கடந்து போய்விட்டேன். மூன்றாவது நிலையத்தில் சாதாரண உடையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து அடையாள அட்டையைக் காட்டினார். நான் பெருமையாக டிக்கெட்டை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை இல்லை" என்றார்.

விஷயம் இதுதான். அந்தப் பெட்டியில் டிக்கெட்டைச் செருகி நேரமும் தேதியும் குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத டிக்கெட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் அல்லவா? அதனால் அது டிக்கெட்டே இல்லை. தலைக்கு 60 யூரோ அபராதம். "ஓய்வுபெற்ற ஆசிரியர், வெளிநாட்டுக்காரர், தெரியாமல் நடந்தது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. விதியை இன்னொரு முறை விளக்கிவிட்டு ரசீது கொடுத்தார். 120 யூரோ, நம் பணத்தில் பத்தாயிரத்துக்கு மேல், போயே போய்விட்டது.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "முப்பது வருஷமா பசங்ககிட்ட 'கேள்வியை முழுசாப் படிச்சுட்டு எழுது'ன்னு சொன்னீங்க. டிக்கெட்டைப் படிக்கலையே!"

அவ்வளவு எரிச்சலிலும் என் மனதுக்குள் ஓடியது என்ன தெரியுமா? 'என்ன ஒழுங்கு பாருய்யா இந்த ஊர்ல!' என்பதுதான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் 80 யூரோ. ஒரு நாளைக்கு 16. அதற்குப் பிறகு எங்கே போனாலும் நடைதான். ஹாஸ்டலில் அடுக்குக் கட்டில். மூட்டு வலிக்காரி கீழே, அறுபத்தைந்து வயதுக்காரன் மேலே. ராத்திரி இரண்டு முறை இறங்கி ஏறுவது தனி சாகசம். குழாய்த் தண்ணீரையே குடித்தோம். அங்கே அது நல்ல தண்ணீர்தான். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும் என்று என் மனைவி கண்டுபிடித்தாள். ஹாஸ்டலில் பிள்ளைகள் விட்டுப்போன எட்டு பாட்டிலைப் பொறுக்கி இரண்டு யூரோ சம்பாதித்தாள். அன்று காப்பி அவள் செலவு.

முதல் நாளே நான் தேடிப் போன இடம், ஹிட்லர் தற்கொலை செய்துகொண்ட பதுங்குகுழி. அதுதான் பெரிய காட்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அது அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். ஓரமாக ஒரு தகவல் பலகை, அவ்வளவுதான். அந்தப் பலகையே 2006-இல்தான் வைத்திருக்கிறார்கள். சிலையும் இல்லை, மண்டபமும் இல்லை. அங்கிருந்து சில நிமிட நடையில், கொல்லப்பட்ட யூதர்களுக்கு 2,711 கான்கிரீட் கட்டைகளால் பெரிய நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். காசில்லாமல் யாரும் உள்ளே நடக்கலாம். எதை மறக்க வேண்டும், எதை மறக்கக் கூடாது என்று அந்த ஊர் யோசித்து முடிவு செய்திருப்பது தெரிந்தது. ஆனாலும் எனக்கு ஏமாற்றம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் திறக்கக் கூடாது, சட்டமே அப்படி. எங்களுக்குத் தெரியாது. கொண்டுபோன புளிசாதம் சனிக்கிழமையே தீர்ந்துவிட்டது. முறுக்கைத் தின்றுகொண்டு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, என் பழைய மாணவன் ஒருவன் பெர்லினில் வேலை பார்ப்பது நினைவுக்கு வந்தது. ரோஷத்தை ஓரங்கட்டிவிட்டுப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். "சார், சொல்லாம வந்திருக்கீங்களே" என்று வீட்டுக்கு அழைத்துப் போனான். சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல். அவன் மனைவிக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

சாப்பிடும்போது அவன் சந்தோஷமாகப் பழைய கதை பேசினான். "சார், நீங்க அடிக்கடி சொல்வீங்களே, 'ஒழுங்குன்னா ஹிட்லர் மாதிரி இருக்கணும்டா, நாலே வருஷத்துல நாட்டை நிமித்திக் காட்டினான்'னு. இன்னும் காதுல கேக்குது சார்."

அவனுடைய மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டு வயது. சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி, "தாத்தா, நிஜமா அப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். அதில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன். அவள் அப்பா பேச்சை மாற்றினான். கிளம்பும்போது அவன், "முடிஞ்சா குரூன்வால்ட் ஸ்டேஷன் பாருங்க சார், 17-ஆம் நடைமேடை" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த இரண்டு நாளும் நடந்துகொண்டே இருந்தேன். காசில்லாமல் பார்க்கிற இடங்களாகவே போனதால், அந்த ஊர் தன் குற்றத்தை வெளியே எடுத்து வைத்திருக்கும் இடங்களாகவே அமைந்தன. பெபல் சதுக்கத்தில், பல்கலைக்கழகத்துக்கு எதிரே, தரையில் ஒரு கண்ணாடி. குனிந்து பார்த்தால் கீழே வெள்ளை நிறத்தில் காலிப் புத்தக அலமாரிகள். சுமார் 20,000 புத்தகம் கொள்ளும். 1933 மே 10 இரவு அங்கே அத்தனை புத்தகங்களை எரித்தார்கள். எரித்தது ரவுடிக் கூட்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முன்னால் நின்றவர்கள் மாணவர்கள். சில பேராசிரியர்களும் உடன் இருந்தார்கள்.

தெருவில் நடக்கும்போது காலடியில் உள்ளங்கை அளவு பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, எப்போது எங்கே கொண்டுபோனார்கள் என்று எழுதியிருக்கும். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய வேலை இது. ஒரு வீட்டு வாசலில் ஐந்து கற்கள் சேர்ந்திருந்தன. ஒரே குடும்பம். என் மனைவி செருப்பு படாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

கடைசி நாள் பெர்லின் பில்ஹார்மோனிக் அரங்கில் மதிய நேர இலவசக் கச்சேரி. உலகப் புகழ்பெற்ற அரங்கு. வாரத்தில் ஒரு நாள் முன்கூடத்தில் காசில்லாமல் வாசிக்கிறார்கள். தரையில், படிக்கட்டில் எல்லாம் சனம் உட்கார்ந்து கேட்டது. எங்களுக்கு அந்தச் சங்கீதம் புரியாது. ஆனாலும் மனசு குளிர்ந்தது. வெளியே வந்தால் 24 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீலக் கண்ணாடிச் சுவர். கீழே விவரம் எழுதியிருந்தது. டீர்கார்ட்டன் தெரு, 4-ஆம் எண் வீடு அங்கேதான் இருந்தது. உடல் ஊனமுற்றோர், மனநோயாளிகள் எல்லாம் நாட்டுக்குச் செலவு என்று கணக்குப் போட்டு, மருத்துவர்களை வைத்தே கொன்ற திட்டத்தின் அலுவலகம். 1940, 1941 இரண்டே ஆண்டில் 70,000 பேருக்கு மேல். அந்தக் காலத்து ஜெர்மன் பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே இப்படிக் கேள்வி இருந்தது: ஒரு மனநோயாளியைப் பராமரிக்க ஒரு நாளைக்கு இத்தனை மார்க் என்றால், அந்தப் பணத்தில் எத்தனை வீடு கட்டலாம்? யாரோ ஒரு வாத்தியார் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பார். சரியான விடைக்கு மதிப்பெண்ணும் கொடுத்திருப்பார்.

அங்கிருந்து குரூன்வால்ட் போனோம். இந்த முறை டிக்கெட்டில் முத்திரை விழுந்ததா என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டோம்.

மரங்கள் சூழ்ந்த அமைதியான ஸ்டேஷன். 17-ஆம் நடைமேடையிலிருந்து இப்போது எந்த ரயிலும் புறப்படுவதில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே மரம் முளைத்திருக்கிறது, வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். நடைமேடையின் இரண்டு ஓரத்திலும் 186 இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, எத்தனை யூதர்கள், பெர்லினிலிருந்து எந்த ஊருக்கு. முதல் தேதி 1941 அக்டோபர் 18. சில தகட்டில் ஆயிரத்துக்கு மேல், சில தகட்டில் நூறு. எதிரிப் படை பெர்லினை நெருங்கிவிட்ட 1945 மார்ச்சில்கூட ரயில் போயிருக்கிறது. இப்படி அந்த ஒரு நகரத்திலிருந்து மட்டும் 50,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள்.

அந்தப் பயணங்களுக்கு ஜெர்மன் ரயில்வே கட்டணம் வாங்கியது. நபருக்கு, கிலோமீட்டருக்கு 4 பென்னிக் என்று மூன்றாம் வகுப்புக் கட்டணம். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரை டிக்கெட். நான்கு வயதுக்குள் என்றால் இலவசம். 400 பேருக்கு மேல் சேர்ந்தால் கூட்டச் சலுகை, பாதிக் கட்டணம். பின்னாளில் சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பியபோதும் கட்டணம் இந்தக் கணக்கில்தான். காவலர்களுக்குப் போக வர டிக்கெட்; மற்றவர்களுக்குப் போவதற்கு மட்டும். பல இடங்களில் அந்தப் பணத்தையும் அவர்களிடமிருந்தே பிடுங்கினார்கள்.

என் சட்டைப் பையில் அந்த 120 யூரோ ரசீது இருந்தது. அபராதம் போட்ட பெண்மணி மீது எனக்குக் குறை இல்லை. தவறு என்னுடையது, அவர் செய்தது அவர் வேலை. நான் நினைத்தது என்னைப் பற்றி. ஒழுங்கு, ஒழுங்கு என்று முப்பது வருடம் வகுப்பில் கொண்டாடினேனே, எதற்கான ஒழுங்கு என்று ஒரு நாளாவது கேட்டேனா? அரை டிக்கெட் கணக்கில் ஒரு பிழையும் இருந்திருக்காது. ரயில் நேரத்துக்குப் புறப்பட்டிருக்கும்.

என் மனைவி ஒவ்வொரு தகடாக நின்று, உதடசைத்து எண்ணைப் படித்துக்கொண்டே போனாள். கடைசி வரை போய்த் திரும்பி வந்து, "ஏங்க, இதெல்லாம் உங்க பாடத்துல இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது. ஒரு பத்தி. அதைப் படிக்கச் சொல்லிவிட்டு, போருக்கான காரணங்களை எட்டு மதிப்பெண்ணுக்கு எழுதிப் போட்டேன்.

பிள்ளைகளே, இப்போது திருத்தம்.

ஹிட்லர் நாட்டை நிமிர்த்தினான் என்று நான் சொன்னது தவறு. வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர் இருந்தார்கள், அந்த எண்ணிக்கை குறைந்தது என்பது உண்மை. பெரும்பாலும் ஆயுதம் செய்தும், 1935-இலிருந்து கட்டாய ராணுவ சேவையில் சேர்த்தும் குறைத்தார்கள். 1933 ஏப்ரலிலேயே சட்டம் போட்டு யூத ஆசிரியர்களையும் அரசு ஊழியர்களையும் வேலையை விட்டு நீக்கினார்கள். விரைவுச் சாலை அவன் கண்டுபிடிப்பு என்றும் சொல்லியிருக்கிறேன். கொலோன் – பான் சாலை 1932-இலேயே, அவன் பதவிக்கு வரும் முன்பே திறந்தாகிவிட்டது. 'நேதாஜிக்கு உதவியவன்' என்று வாதாடுவோம். நேதாஜி 1941-இல் பெர்லின் போய், அடுத்த ஆண்டு மே மாதம்தான் அவனைப் பார்க்க முடிந்தது. இந்தியா ஆங்கிலேயன் கையில் இருப்பதே மேல் என்று தன் புத்தகத்தில் எழுதியவன் அவன்.

தன்னம்பிக்கைப் பேச்சுப் போட்டியில் ஹிட்லரைப் புகழ்ந்து பேசிய ஒரு பையனுக்கு முதல் பரிசு கொடுத்தேன். அவன் இதைப் படித்தால், தம்பி, குற்றம் உன்னுடையது அல்ல. உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

ஊர் திரும்பியதும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அவள் அப்பா மூலம் குரல் செய்தி அனுப்பினேன். "ஆமாம் கண்ணு, தாத்தா அப்படித்தான் சொன்னேன். தெரியாமல் சொன்னேன். என் பிள்ளைகளிடம் மாற்றிச் சொல்லப் போகிறேன்" என்று. "ஓகே தாத்தா" என்று பதில் வந்தது. அந்த வாக்குக்காகத்தான் இந்தப் பதிவு.

பெர்லின் போகிறவர்களுக்கு மூன்று விஷயம். டிக்கெட்டில் முத்திரை குத்துங்கள். சனிக்கிழமையே சாமான் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குரூன்வால்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது.