பல்திரை அமைப்பு

பல்திரை அமைப்பு என்பது ஒரே கணினியுடன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட திரைகளை இணைத்து, அவற்றை ஒரே பணிப்பரப்பாகப் பயன்படுத்தும் முறையாகும். 1987 இல் வெளியான மாக்கின்டோஷ் II கணினியில் இவ்வசதி இருந்தது. விண்டோஸ் 98 இயங்குதளம் 9 திரைகள் வரை ஏற்றது.

திரைகளை வைக்கும் முறை

இரு திரைகளையும் சமச்சீராக வைத்து, அவை சேரும் விளிம்பை நடுவில் அமைப்பதே பரவலான வழக்கம். பார்வைக்கு இது ஒழுங்காகத் தோன்றினும், பெரும்பாலும் ஒரு திரையையே நோக்குவோருக்கு ஏற்றதன்று. கழுத்து நெடுநேரம் ஒரே பக்கம் திரும்பியிருப்பதால் கழுத்திலும் தோளிலும் வலி ஏற்படக்கூடும். இத்தகையோர் முதன்மைத் திரையை விசைப்பலகைக்கு நேர் எதிரே வைத்து, துணைத் திரையை அதனை ஒட்டிச் சற்று உட்புறமாகத் திருப்பி வைக்க வேண்டும். மூலத்தையும் பெயர்ப்பையும் மாறி மாறிப் பார்க்கும் மொழிபெயர்ப்பாளர் போன்றோருக்கே நடுவிளிம்பு முறை பொருந்தும்.

திரைக்கும் கண்ணுக்கும் இடையே 50 முதல் 100 செ.மீ. வரை தொலைவு பரிந்துரைக்கப்படுகிறது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருத்தல் வேண்டும். வாசிப்புப் பகுதி கீழ்ப்பாதியில் அமைந்த மூக்குக்கண்ணாடி அணிவோர் தலையை அண்ணாந்து பார்க்க நேரிடுவதால், அவர்களுக்குத் திரையை மேலும் தாழ்த்த வேண்டும்.

இயங்குதள அமைப்பு

மேசையில் திரைகள் உள்ள வரிசையும் இயங்குதளத்தில் குறிக்கப்பட்ட வரிசையும் ஒத்திருக்க வேண்டும். இல்லையெனில் வலப்புறம் நகர்த்தப்படும் சுட்டி விளிம்பிலேயே நின்றுவிடும். அளவிலும் பிரிதிறனிலும் வேறுபட்ட திரைகளில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும்போது எழுத்துகளின் அளவு மாறித் தோன்றலாம்; உருப்பெருக்க விகிதத்தை ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியே அமைத்து இதனைக் குறைக்கலாம்.